எறும்பு எந்த நிறம்

மார்ச் 2

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே எனக்கு முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொன்ன பேச்சு கேட்கிறது. உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது? புது ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டதா?

மனுஷன் போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறாரே என்று நினைக்காதே. போனைக் காதில் வைத்தால் காதுமிஷின் விசில் அடிக்கிறது. மிஷினைக் கழற்றினால் நீ பேசுவது கேட்கவில்லை. முப்பத்தொரு வருஷம் பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக உட்கார்ந்து ஹாரன் சத்தம் கேட்டதற்குக் கிடைத்த பரிசு.

நீ கிளம்பி இன்றோடு நாற்பத்தொரு நாள். உன் புருஷனைக் கேட்டால், "ட்ரெயினிங்ப்பா, ஆறு மாசம்" என்கிறான். பக்கத்து வீட்டு டெய்லர், "மாற்றல் வாங்கிட்டுப் போயிட்டாங்களாமே" என்கிறார். நீயோ வாசலில் நின்று "போயிட்டு வரேன் மாமா" என்றாய். ஒரே பஸ்ஸுக்கு மூன்று நேரம் எழுதி வைத்தால் பயணி என்ன செய்வான்? நான் எப்போது வருவாய் என்று கேட்கவில்லை. மழைக்கு முன்னாலா பின்னாலா என்று தெரிந்தால் போதும்.

இப்போது உன் தேனீக்களைப் பற்றி. அந்த இன்னொரு தேனீப்பெட்டி எறும்பால் அழிந்துபோன பிறகு, இந்த ஒரு பெட்டிதானே மிச்சம். ஒரு வாரமாக இதன் நடத்தை எனக்குப் புரியவில்லை. மதியம் இரண்டு மணியானால் எல்லாம் வாசலுக்கு வெளியே வந்து தாடி மாதிரி தொங்குகின்றன. உள்ளே யாரும் வேலை செய்வதாகத் தெரியவில்லை. வேலைநிறுத்தமா? என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

உன் மாமா.


மார்ச் 9

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். முழங்காலுக்கு அந்தத் தைலம் தீர்ந்திருந்தால் அலமாரியில் இரண்டாம் தட்டில் இன்னொன்று இருக்கிறது. இங்கே ஆஸ்பத்திரி லேபில் காலை ஏழு மணிக்கே ரத்தம் கொடுக்க வரிசை நிற்கிறது. மாடியில் ஒரு அறை எடுத்திருக்கிறேன். வெயில் நேராக விழுகிறது, மற்றபடி வசதி.

வேலைநிறுத்தம் இல்லை மாமா, இடநெருக்கடி. கூட்டம் பிரியப்போகிறது. ஒரு பாதி கிளம்பி வெளியே எங்காவது கொத்தாகத் தொங்கும். பயப்படாதீர்கள். அந்த நேரத்தில் வயிறு நிறையத் தேன் குடித்திருக்கும், சாதாரணமாகக் கொட்டாது. முகவலையைப் போட்டுக்கொள்ளுங்கள். காலிப் பெட்டியை அடியில் பிடித்து, கிளையை ஒரே உதறு. ராணி உள்ளே விழுந்துவிட்டால் மற்றவை தானாக வந்துவிடும்.

காலிப் பெட்டி பின்பக்க ஷெட்டில் இருக்கிறது. அதையே பயன்படுத்துங்கள்.

எறும்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். படித்தேன்.

தங்கள் மருமகள்.


மார்ச் 16

அன்புள்ள மருமகளுக்கு,

தைலம் கிடைத்தது. அதன் பக்கத்தில் என் பழைய மூக்குக்கண்ணாடியும் கிடைத்தது, இரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தேன். நீ சாப்பிடுகிறாயா, நேரத்துக்குத் தூங்குகிறாயா?

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். தைலம் எங்கே, பெட்டி எங்கே, கிளையை எப்படி உதறுவது, எல்லாம் இருந்தது. நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. சுற்றி வளைத்துக் கேட்டது என் தப்பு. நேராகவே கேட்கிறேன். நீ இந்த வீட்டுக்குத் திரும்பி வருவாயா, மாட்டாயா? அவனிடம் கேட்டால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறான்.

தேனீக்கள் இன்னும் கிளம்பவில்லை. ஷெட்டுக்குப் போகவில்லை. அந்தப் படி என் முழங்காலுக்கு ஆகாது.

மாமா.


மார்ச் 30

அன்புள்ள மருமகளுக்கு,

நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்ளத்தான் முடியும், நீதான் எழுதுவதில்லையே. பதினான்கு நாள் ஆகிறது. கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேனோ என்று ஒரு நாள் தோன்றுகிறது. கேட்டால் என்ன தப்பு என்று மறுநாள் தோன்றுகிறது. எனக்கு வருத்தம்தான். மறைக்கவில்லை.

அது போகட்டும். நம் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமை, காலை 10.17. வெளியே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். ஊர் பெயர் தெரியாத ஒரு தேனீக் கூட்டம் வானத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு வந்தது. வந்து எங்கே உட்கார்ந்தது தெரியுமா? கேட்டில் இருக்கும் நம் தபால்பெட்டியின் அடியில். 10.40க்குள் பூசணிக்காய் அளவுக்குத் தொங்கியது. மறுநாள் பார்த்தால் கடிதம் போடும் சந்து வழியாக உள்ளே புகுந்து குடித்தனமே ஆரம்பித்துவிட்டது.

யாரோ ஒருவரின் கூட்டம் இலவசமாக வந்திருக்கிறது, விடலாமா? முகவலை போட்டுக்கொண்டு இறங்கினேன். தபால்பெட்டியின் கதவைத் திறந்து, அட்டைப்பெட்டியில் கரண்டியால் அள்ளினேன். அரைமணி நேரத்தில் ஒன்று விடாமல் திரும்பித் தபால்பெட்டிக்குள் போய்விட்டன. மறுநாளும் அள்ளினேன், மறுநாளும் அதே கதை. டெய்லர் மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு, "என்ன சார், பஸ்ஸுல ஏத்துறீங்க, அடுத்த ஸ்டாப்புல இறங்கிடுறாங்களே" என்கிறார். எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. தபால்காரர் கேட் பக்கமே வர மறுக்கிறார். நம் தபால் எல்லாம் இப்போது தையல் கடைக்குப் போகிறது.

ஷெட்டில் இருக்கும் பெட்டியை ஏன் எடுக்கவில்லை என்று கேட்பாய். மூடி உடைந்திருந்தது. தச்சரிடம் கொடுத்திருக்கிறேன்.

மாமா.


ஏப்ரல் 3

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதம் கிடைத்த அன்றே, பத்தொன்பதாம் தேதி, பதில் எழுதிப் போட்டுவிட்டேன். அது அந்தத் தபால்பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும். அதன் மேல்தான் அவை உட்கார்ந்திருக்கின்றன.

அள்ளிப்போட்டதும் திரும்பிப் போகிறதென்றால் ராணி இன்னும் உள்ளேயே இருக்கிறாள் என்று அர்த்தம். அவள் மூலையில் ஒளிந்திருப்பாள். கரண்டி வேண்டாம், கோழி இறகால் மெதுவாகத் தள்ளுங்கள். புது இடத்தில் அவை தங்க வேண்டுமென்றால் புழு இருக்கும் ஒரு அடைச் சட்டத்தை நம் பெட்டியிலிருந்து எடுத்து அதில் வையுங்கள். குழந்தைகளை விட்டுவிட்டுப் போகாது.

நம் பெட்டியைத் திறக்கும்போது நன்றாகப் பாருங்கள். வந்தவை விருந்தாளிகள்தானா என்று எனக்குச் சந்தேகம்.

பெட்டி நன்றாகத்தான் இருந்தது. எந்தத் தச்சர் மாமா?

தங்கள் மருமகள்.


ஏப்ரல் 10

அன்புள்ள மருமகளுக்கு,

உடம்பு நலமா? எனக்கு இடது காதில் ஒரு கொட்டு, கட்டைவிரலில் இரண்டு. மற்றபடி சுகம்.

முதலில் நம் பெட்டியைத் திறந்தேன். ஏழு சட்டமும் ஈ மொய்த்த மாதிரி இருக்கும் என்று நீ சொல்வாயே. மூன்று நான்கில்தான் கூட்டம் இருந்தது. அடையின் அடியில் வேர்க்கடலை மாதிரி மூன்று நான்கு ராணிக் கூடுகள் தொங்கின, ஒன்றின் முனை வட்டமாகத் திறந்து கிடந்தது. அங்கேயே நின்றேன். இத்தனை நாளும் நம் வீட்டுக் கூட்டத்தையே ஊரான் கூட்டம் என்று நினைத்து வலைபோட்டுப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கிளம்பிப் போனபோது நான் பத்தடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். வந்ததைப் பார்த்தேன், போனதைப் பார்க்கவில்லை. டெய்லரிடம் சொல்லவில்லை, சொன்னால் ஆறு மாசத்துக்குச் சிரிப்பார்.

மாலை 5.30க்கு இறகோடு உட்கார்ந்தேன். 5.52க்கு ராணியைப் பார்த்தேன். நீளமாக, அவசரமே இல்லாமல், மூலையில் நடந்துகொண்டிருந்தாள். தள்ளிவிட்டேன். இரண்டு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு புதுப்பெட்டியின் வாசலில் நாலைந்து ஈக்கள் வாலைத் தூக்கிக்கொண்டு சிறகை அடிக்க ஆரம்பித்தன. அவ்வளவுதான், மற்றதெல்லாம் வரிசை கட்டி நடந்தே உள்ளே போயிற்று. என் சர்வீஸில் ஒரு நாளும் பயணிகள் அப்படி வரிசையாக ஏறிப் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, முகவலைக்குள் துடைக்கவும் முடியவில்லை.

புதுப்பெட்டி என்றேனே, அது உன் மாமியாரின் மரத் துணிப்பெட்டி. அவள் இருந்திருந்தால் என்னை அதில் போட்டு மூடியிருப்பாள்.

ஒரு சந்தேகம். வீட்டில் ஒரு இளவட்டம் வந்ததும் அதுதானே தனிக்குடித்தனம் போக வேண்டும்? புது ராணிதானே இது?

உன் கடிதமும் கிடைத்தது. உறையின் மேலேயே உள்ளங்கை அகலத்துக்கு அடை கட்டியிருந்தன. மெழுகைச் சுரண்டிப் பிரித்தேன். இரண்டே வரி. "வருவேனா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த எறும்பு எந்த நிறம் மாமா? அதைச் சொல்லுங்கள், நானும் சொல்கிறேன்."

இது என்ன கேள்வி என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு எழுதுகிறேன். தபால் நேரம் ஆகிவிட்டது.

மாமா.


ஏப்ரல் 16

மாமாவுக்கு,

வணக்கம். கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு எதுவும் தடவ வேண்டாம், தானாக வற்றிவிடும்.

அது புது ராணி இல்லை. பழையவள். கூட்டம் பிரியும்போது கிழவிதான் கிளம்புவாள். கட்டிய அடை, சேர்த்த தேன், குழந்தைகள் எல்லாவற்றையும் இளையவளுக்கு விட்டுவிட்டு, பாதிப் பேரோடு வெறுங்கையாகப் போவாள்.

துணிப்பெட்டியில் காற்றோட்டம் இருக்காது. வெயில் ஏறினால் அதையும் விட்டுப் போய்விடும். ஷெட்டில் இருக்கும் பெட்டிக்கு மாற்றுங்கள்.

மருமகள்.


மே 12

அன்புள்ள மருமகளுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை ஆறு தடவை எழுதிக் கிழித்தேன். ஏழாவதைக் கிழிக்க மாட்டேன்.

அந்தப் பெட்டியில் தேனீக்களைப் போட முடியாது. அதில் மருந்து இருக்கிறது. தச்சர் என்று யாரும் இல்லை.

நவம்பர் பதினெட்டு. அதற்கு முந்தின நாள்தான் அவனுக்கு உதட்டில் கொட்டியிருந்தது. அவன் கடைக்கு டயர் கம்பெனிக்காரர்கள் வந்த நேரத்தில் வீங்கிய வாயோடு போய் நின்று எல்லாரும் சிரித்துவிட்டார்கள் என்று குதித்தான். மறுநாள் நீ லேபுக்குப் போயிருந்தாய். கையில் கரப்பான் மருந்து டப்பாவோடு கொல்லைக்கு வந்து, "அப்பா, இந்த மூடியைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க" என்றான். பிடித்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. எறும்புக்கு அடிக்கிறான் என்று நினைத்தேன் என்று எழுதத்தான் ஆறு காகிதம் செலவு செய்தேன். அப்படி நினைக்கவில்லை. டப்பாவில் கரப்பான் படம் பெரிதாகப் போட்டிருந்தது. மணி 11.20. அவன் ஒரு பெட்டிக்கு அடித்து முடிப்பதற்குள் டப்பா காலியாகிவிட்டது. இல்லையென்றால் இரண்டாவதற்கும் பிடித்திருப்பேன்.

சாயங்காலம் நீ வந்து பெட்டி முன்னால் உட்கார்ந்தாய். அவன் "எறும்பு" என்றான். நீ என்னைப் பார்த்தாய். நானும் "எறும்புதாம்மா" என்றேன். அவன் சொன்னதாவது அவசரத்தில் சொன்னது. நான் நிதானமாகச் சொன்னேன்.

அப்புறம் ஜனவரியில் ஒரு நாள் காலை. நீ தட்டை நகர்த்திவிட்டு, "மாமா, நீங்க சொல்லுங்க. நீங்க அன்னிக்கு வீட்லதானே இருந்தீங்க" என்றாய். அவன் தலையைத் தூக்கவில்லை. நான் காதுமிஷினைக் கழற்றி உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். விசில் அடிக்கிறது என்று சைகை காட்டினேன். விசில் அடிக்கவில்லை. அடுத்த வாரம் நீ கிளம்பிவிட்டாய்.

ஏன் போனாய், ட்ரெயினிங்கா மாற்றலா என்று உன்னிடமே கேட்டுக் கடிதம் எழுதியவன் நான். எனக்கு நிஜமாகவே குழப்பமாகத்தான் இருந்தது. ஒரு பெட்டி ஈக்காகவா ஒருத்தி வீட்டை விட்டுப் போவாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போதும் முழுசாகத் தெளியவில்லை. தப்பு செய்தேன் என்பது மட்டும் தெளிந்திருக்கிறது.

எறும்பு எந்த நிறம் என்று கேட்டாய். எறும்பே இல்லை அம்மா.

மாமா.


மே 19

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அன்றைக்கே தெரியும். எறும்பு வந்திருந்தால் செத்த ஈக்களை இழுத்துப் போயிருக்கும். பெட்டிக்குள் குவியலாகக் கிடந்தன, எல்லாம் நாக்கை நீட்டிக்கொண்டு. மருந்தில் செத்தால்தான் நாக்கு அப்படி வெளியே வரும். மூடியைத் திறந்ததும் வாசனையும் வந்தது. நாள் முழுக்க மருந்து பாட்டில்களோடு உட்கார்ந்திருப்பவளுக்கு அது தெரியாதா?

ஈக்காகப் போகவில்லை மாமா. உங்கள் பிள்ளை கோபத்தில் செய்தது எனக்குப் புரிந்தது. சொல்லியிருந்தால் இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன், மூன்றாம் நாள் பேசியிருப்பேன். ஆனால் ஒரே வீட்டில் இரண்டு பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே எறும்பு என்றீர்கள். அதற்கப்புறம் நீங்கள் இருவரும் எது சொன்னாலும், தண்ணீர் வந்துவிட்டது என்று சொன்னால்கூட, எழுந்து போய்க் குழாயைத் திறந்து பார்க்க ஆரம்பித்தேன். அப்படி எத்தனை நாள் இருப்பது?

இனி ஒன்று சொல்ல வேண்டும். மருந்து பட்ட பெட்டி ஷெட்டில் இல்லை. அதை நான் மறுவாரமே ஆஸ்பத்திரியில் குப்பை எரிக்கும் இடத்தில் போட்டு எரித்துவிட்டேன். ஷெட்டில் இருப்பது புதுசு. மார்ச்சில் கூட்டம் பிரியும் என்று தெரியும், அதனால் கிளம்புவதற்கு முந்தின வாரம் செய்யச்சொல்லி அதே பச்சை அடித்து வைத்தேன். நீங்கள் ஒரு தடவை அந்தக் கதவைத் திறந்திருந்தால் தெரிந்திருக்கும்.

தச்சர் கதையைப் படித்தபோது எனக்கு ஆத்திரம் வந்தது. மறுநாள் யோசித்தேன். அந்த ஈக்கள் சாகக்கூடாது என்றுதானே பொய் சொன்னீர்கள். முதல் பொய் கொன்றதை மறைக்க, இரண்டாவது பொய் காப்பாற்ற. இரண்டையும் ஒன்றாக வைப்பதா தனியாக வைப்பதா என்று எனக்கும் இன்னும் விளங்கவில்லை.

நீங்கள் பதில் சொல்லிவிட்டீர்கள், நானும் சொல்கிறேன். அந்த வீட்டுக்குத் திரும்பி வரமாட்டேன்.

இங்கே மொட்டை மாடியில் நிழலான ஒரு மூலை இருக்கிறது. வீட்டுக்கார அம்மாவுக்குத் தேனீ மேல் பயம் இல்லை. பழைய ராணியைக் கொண்டுவந்து கொடுக்க முடியுமா என்று பாருங்கள். மற்றதை நேரில் பேசலாம், நான் பேசுவதை நீங்கள் கேட்பதாக இருந்தால்.

தங்கள் மருமகள்.


ஜூன் 2

அன்புள்ள மருமகளுக்கு,

நலமாக இரு. நான் நலம்.

ஷெட்டுப் படி மொத்தம் இரண்டுதான். ஏறினேன். முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை. பச்சைப் பெட்டி ஒரு தூசி இல்லாமல் பழைய போர்வைக்குள் இருந்தது. திறந்தேன், புது மர வாசனை. உள்ளே ஏழு சட்டம், சர்க்கரைத் தண்ணீர் வைக்க ஒரு கிண்ணம், ஒரு கோழி இறகு. அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேர் உன்னிடம் பொய் சொன்ன வீட்டில், போகிற அவசரத்தில் நீ கோழி இறகு தேடி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். எவ்வளவு நேரம் உட்கார்ந்தேன் என்று கேட்காதே. மணி பார்க்கவில்லை.

துணிப்பெட்டியில் கட்டிய அடைகளை அறுத்து, சணல் நூலால் சட்டத்தில் கட்டி, எல்லாரையும் மாற்றிவிட்டேன். மூன்றாம் நாள் கால்களில் மஞ்சள் மகரந்தத்தோடு வந்து போக ஆரம்பித்தன. இளைய ராணியின் பெட்டியும் நன்றாக இருக்கிறது. டெய்லர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு முழுக்கதையும் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அவனிடம் சாப்பாட்டு மேசையில் சொன்னேன், "அவளுக்கு எல்லாத்தையும் எழுதிட்டேன்." தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு, "ஏம்பா, எறும்புன்னுதானே முடிவு பண்ணோம்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. வழி தெரியாமல் நிற்கிறவன் கேட்பது மாதிரி கேட்டான். அன்றைக்கு அந்த வழியில் அவனுக்குத் துணை போனவன் நான்தான். அவனை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. விட்டுவிட்டு வருகிறேனா, பிறகு திரும்பிப் போவேனா, அதுவும் தெரியவில்லை. பெட்டியைப் பஸ் நிலையம்வரை அவன் தூக்கி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான் இப்போதைக்கு.

வரும் சனிக்கிழமை காலை 5.40 வண்டி. டிரைவர் எனக்குத் தெரிந்தவர், பெட்டியை மடியில் வைத்துக்கொள்ள விடுவார். வாசலுக்குக் கம்பிவலை அடித்திருக்கிறேன். உன் ஊருக்கு 11.20க்கு வந்து சேர வேண்டும். அந்த நேரத்தை அட்டவணையில் பார்த்ததும் மூடியைத் தூக்கிப் பிடித்த மணிதான் ஞாபகம் வந்தது. வேறு வண்டி பார்க்கலாமா என்று நினைத்தேன், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

நிலையத்துக்கு வருவாயா என்று கேட்கவில்லை. வந்தால், உனக்குச் சொல்ல வேண்டியது எதுவானாலும் அங்கேயே சொல்லு, எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் சொல்லு. மிஷினுக்குப் புது பேட்டரி போட்டிருக்கிறேன். கழற்ற மாட்டேன்.

மாமா.